மைதானம் திறந்தது, பள்ளிக்கூடம் பூட்டியது

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்தில் நடக்கப் போகிறது. 2036 ஒலிம்பிக்கையும் நம் நாட்டுக்குக் கேட்டிருக்கிறார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததும் என் மனதில் வந்த முதல் கேள்வி வேறு. போட்டி நடக்கும் நாட்களில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் திறந்திருக்குமா?

இது என்ன கேள்வி என்று நினைப்பீர்கள். 2010 இல் டெல்லியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், பிறகு நீங்களே யோசியுங்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 3 முதல் 14 வரை டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தது. 71 நாடுகளும் பிரதேசங்களும் கலந்துகொண்டன. இந்தியா 38 தங்கம் உட்பட 101 பதக்கங்கள் வாங்கி இரண்டாம் இடம் பிடித்தது. நம் பெண்கள் பெயர் வாங்கிய போட்டி அது. மல்யுத்தத்தில் கீதா போகத் தங்கம் வாங்கினார். வட்டு எறிதலில் கிருஷ்ணா பூனியா தங்கம் வாங்கினார். தடகளத்தில் 1958 இல் மில்கா சிங் வாங்கியதற்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் தங்கம் அது. கிருஷ்ணா பூனியா அப்போது ஒரு சிறு பையனுக்குத் தாய். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அந்தப் போட்டி நாட்களில் டெல்லிப் பள்ளிகளை மூடிவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வீரர்கள் வரும் பேருந்துகளுக்குச் சாலையில் தனிப் பாதை கோடு போட்டு ஒதுக்கியிருந்தார்கள்; அதில் மற்ற வண்டி நுழைந்தால் 2,000 ரூபாய் அபராதம். பாதுகாப்புக் கெடுபிடி வேறு. இந்த நெரிசலில் லட்சக்கணக்கான பிள்ளைகளைக் காலையும் மாலையும் சாலையில் விட வேண்டாம் என்று நினைத்தார்கள். சாலையை நிர்வகிப்பவர் பார்வையில் அது சரியான கணக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த 12 நாட்களில் இரண்டு ஞாயிறுகளைக் கழித்தால் 10 வேலை நாட்கள். அந்த 10 நாளும் பிள்ளைக்கு விடுமுறை. அப்பா அம்மாவுக்கு?

நம் தருமபுரியில் ஆடிப்பெருக்கு என்றால் உள்ளூர் விடுமுறை விடுவது உங்களுக்குத் தெரியும். அன்று பிள்ளை மட்டுமா வீட்டில் இருக்கும்? குடும்பமே ஒகேனக்கல்லுக்கோ, பக்கத்து ஆற்றங்கரைக்கோ, குலதெய்வக் கோயிலுக்கோ புறப்பட்டுவிடும். பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள், பிள்ளைகளுக்குக் காவல் தானாக அமைந்துவிடும். நம் ஊர் விடுமுறைகள் எல்லாம் இப்படி ஊரோடு சேர்ந்து வந்தவை. விளையாட்டுப் போட்டிக்கு விடும் விடுமுறை அப்படி இல்லை. பிள்ளைக்கு லீவு, அம்மாவுக்கு ஷிப்ட் இருக்கிறது. போட்டியைப் போய்ப் பார்க்கவும் எல்லோரிடமும் டிக்கெட் கிடையாது.

அம்மா யார் என்பதைப் பொறுத்துத்தான் சிரமத்தின் அளவு. அரசு வேலையில் இருப்பவர் தற்செயல் விடுப்பு எடுப்பார். தனியார் கம்பெனியில் இருப்பவர் மாமியாரை ஊரிலிருந்து வரவழைப்பார். வீட்டு வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? டெல்லியில் ஜங்க்புராவை ஒட்டி, பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக மதராசி கேம்ப் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போன நம்மவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடம். அங்கிருந்த பெண்களில் பலர் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டு வேலை செய்தவர்கள். காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மேம்பாலச் சாலை அந்த வாய்க்கால் மேல்தான் போகிறது. தொடக்க விழா நடந்த நேரு ஸ்டேடியம் அங்கிருந்து கூப்பிடு தூரம். 2025 ஜூன் 1 அன்று அந்தக் கேம்பையே இடித்துவிட்டார்கள், அது தனிக் கதை.

வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த 10 நாட்களும் வேலை நாட்கள்தான். எஜமானி வீட்டுப் பிள்ளைகளும் லீவில் வீட்டில் இருப்பார்கள். பாத்திரம் கூடும், துணி கூடும். போகாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம், அல்லது வேறு ஆள். தெருவோர வியாபாரம் செய்தவர்களை நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று அப்புறப்படுத்தினார்கள். சாமானியர்கள் ஏறிப் போன புளூலைன் தனியார் பேருந்துகளைப் போட்டிக்காகச் சாலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போவதே சிரமமான நேரத்தில் பிள்ளையும் வீட்டில்.

பள்ளிக்கூடம் என்றால் பாடம் மட்டும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஊர்ப்புறப் பள்ளியில் இத்தனை வருடம் நின்று பார்த்தவளுக்கு அது வேறாகத் தெரியும். பால்வாடி திறக்காத நாளில் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளை வர மாட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அம்மா கரும்பு வெட்டவோ களை எடுக்கவோ போயிருப்பாள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு நேராக 'ஆ' என்று ஆப்சென்ட் போடுவோம். உண்மையில் அவள் அன்று வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு இடம் பூட்டினால் அந்தப் பாரம் வீட்டில் உள்ள மூத்த பெண் பிள்ளையின் இடுப்பில்தான் ஏறும். டெல்லியானாலும் பென்னாகரமானாலும் இது ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் சோறும் போடுகிறது. நம் மாநிலத்தில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளுக்கும் சேர்த்துத் தொடங்கியதுதான் அதன் பெருமை. கூலிக்குப் போகும் தாய் மத்தியானம் அடுப்பு மூட்ட வீட்டுக்கு ஓடி வர வேண்டியதில்லை என்று ஆனது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. டெல்லியிலும் அப்படித்தான் வந்தது. பள்ளி மூடினால் அந்தத் தட்டும் மூடிவிடும்.

அதே 1982 இல் டெல்லி இன்னொரு விளையாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நவம்பர் 19 அன்று தொடங்கிய ஆசிய விளையாட்டுப் போட்டி. அவசரம் அவசரமாக ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். அங்கே வேலை செய்த தொழிலாளர்களின் நிலை பற்றி மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதியது. நீதிபதி பி.என். பகவதி அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார். 1982 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஆள் பிடித்து வந்த ஜமேதார்கள் 1 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்குக் கையில் கிடைத்தது 7 ரூபாய் என்பதும் புகாரில் இருந்தது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வேலை செய்தார்கள் என்ற புகாரும் இருந்தது. கட்டட வேலை ஆபத்தான வேலை, அதில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்றும் சொன்னது. இன்றைக்கும் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு அது.

அந்தக் கட்டடங்களைக் கட்டிய தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பூட்டப்படவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது திறக்கவே இல்லை. மணல் மேட்டிலும் ஜல்லிக் குவியலிலும் விளையாடும் குழந்தைகளை நாமும் பெங்களூரில் பார்க்கிறோமே, அதே காட்சி. இதைப் பார்த்துத்தான் 1969 இல் மீரா மகாதேவன் டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1948 தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1996 கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் இருந்தால் வேண்டும் என்றது. இரண்டிலும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான். இப்போது வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த 6 வயதுக் கோடு அப்படியே இருக்கிறது. 6 வயதுக்கு மேல்? கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளியில் இடம் தருகிறது. ஆக, 6 வயது தாண்டிய பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதாமலேயே நாடு நம்பிக்கொண்டிருக்கிறது. பள்ளியைப் பூட்டும்போது ஏழு வயதுப் பிள்ளை எந்தச் சட்டத்திலும் இல்லாமல் தெருவில் நிற்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. ஆறு மாதம் கழித்து அதே தலைநகரில் விளையாட்டுக்காகப் பள்ளிகளைப் பூட்டினார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? லண்டன் 2012, பாரிஸ் 2024 ஒலிம்பிக் இரண்டும் அங்கே கோடை விடுமுறையில் நடந்தன. பெற்றோர் ஏற்கெனவே ஏதாவது ஏற்பாடு செய்து வைத்திருக்கும் காலம். நமக்கு மே மாதத்தில் போட்டி நடத்த முடியாது, வெயில் விடாது, அதனால் அக்டோபர். அதைக் குறை சொல்ல முடியாது. சிட்னியில் 2000 ஒலிம்பிக்குக்குப் பள்ளி விடுமுறையைப் போட்டி நாட்களோடு பொருந்தும்படி மாற்றினார்கள். ஆனால் அங்கே விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் வழக்கத்தில் இருந்தன. பிரேசில் 2014 உலகக் கோப்பை கால்பந்துக்கு 2012 லேயே ஒரு சட்டம் போட்டது. ஜூன் 12 முதல் ஜூலை 13 வரை போட்டி நடக்கும் நாட்கள் முழுதும் பள்ளி விடுமுறைக்குள் வர வேண்டும் என்று அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் சேர்த்து அதில் எழுதினார்கள். போட்டி நடந்ததோ 12 நகரங்களில். மற்ற ஊர்கள் என்ன பாவம் செய்தன? எதிர்ப்பு வந்தது. அந்தந்த இடத்துக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளலாம் என்று பிறகு கல்வி அமைச்சகம் தளர்த்தியது.

நம் மாநிலத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2022 இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 'தம்பி' குதிரையை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை 28 தொடக்க விழாவுக்காகச் சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஆகிய 4 மாவட்டங்களுக்கும் உள்ளூர் விடுமுறை விட்டார்கள். அன்று வியாழக்கிழமை. ஒரே நாள், அரசு அலுவலகங்களுக்கும் சேர்த்து. போட்டி ஆகஸ்ட் வரை நடந்தது, பள்ளிகளும் நடந்தன. டெல்லியின் இரண்டு வாரத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அப்போதும் தனியார் கம்பெனிக்கு அந்த விடுமுறை கட்டாயமில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை செய்கிற அம்மாவுக்கு அன்றும் ஷிப்ட் ஷிப்ட்தான்.

அதே 2022 செப்டம்பரில்தான் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. ஓசூர் கம்பெனிக்கு விடியற்காலை பஸ் ஏறும் நம் பெண்களைக் கேளுங்கள், அந்த உப்புமாவும் பொங்கலும் அவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று. ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்தின் மேல் குடும்பத்தின் பாரம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நல்லதுதான், ஏறட்டும். ஆனால் அந்தத் தூணைக் கேட்காமல் கொள்ளாமல் நகர்த்தினால் மேலே இருப்பது சரியும்.

கிருஷ்ணா பூனியாவுக்கு வருகிறேன். அவர் பயிற்சிக்குப் போன ஒவ்வொரு நாளும் அந்தப் பையனை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வட்டு அவர் கையில் இருந்திருக்காது. மைதானத்தில் ஜெயிக்கும் தாய்க்குத் தேவைப்பட்டது, அந்த மைதானத்தைப் பெருக்கும் தாய்க்கும் தேவைதானே?

விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சாக்குப் பந்தயத்துக்கும் கபடிக்கும் உங்களை வெயிலில் ஓட விட்டவள் நான். நான் கேட்பது இவ்வளவுதான். பள்ளியை மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கல்வியாண்டு தொடங்கும்போதே நாட்காட்டியில் போடுங்கள். பாடம் நடக்காவிட்டாலும் ஒன்றிரண்டு வகுப்பறைகளைத் திறந்து வைத்து, வர விரும்பும் பிள்ளைக்குச் சோறும் ஒரு பந்தும் கொடுங்கள். போட்டிக்காகப் பிள்ளைக்கு விடுமுறை விட்டால், அதன் பெற்றோர் ஒருவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கச் சொல்லி முதலாளிகளுக்கும் ஓர் உத்தரவு போடுங்கள். ஸ்டேடியத்துக்கு ஆகும் செலவில் இது எந்த மூலைக்கு?

அகமதாபாத்தில் நம் பிள்ளைகள் சிலர் வேலையில் இருக்கிறீர்கள். பெங்களூரு, சென்னை, திருப்பூரில் இருப்பவர்களுக்கும் நாளை இது வரலாம். திடீரென்று பள்ளி மூடிய நாட்களில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், பிள்ளையை யாரிடம் விட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், வழக்கம்போல எழுத்துப் பிழையும் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்