பஸ்பிரிட்ஜ் கல்லறைத் தோட்டத்துப் போர் நினைவுச் சிலுவை

இங்கிலாந்தின் சரே மாவட்டத்துப் பஸ்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், தூய யோவான் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில், 1922 இல் திறக்கப்பெற்ற கற்சிலுவை ஒன்று நிற்கின்றது. முதல் உலகப் போரில் மாண்ட அவ்வூரார்க்கு அது நினைவுச்சின்னமேயன்றிக் கல்லறையன்று. காரணம் யாதெனின், மாண்டார் உடலைத் தாயகம் கொணர்தற்கு 1915 இல் விதிக்கப்பட்ட தடையேயாம். போர் ஓய்ந்த பின்னரும் அது தளர்த்தப்படவில்லை. செல்வர் மகனாயினும் கூலியாள் மகனாயினும் வீழ்ந்த நாட்டிலேயே ஒரே வகைக் கல்லின்கீழ்க் கிடத்தல் வேண்டும் என்பது, 1917 இல் அமைந்த பேரரசுப் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. நேர்மையான கொள்கையே, எனினும் பெற்றோர்க்கு நின்று அழுதற்கும் ஓரிடம் இல்லாது போயிற்று. ஊர்தோறும் இத்தகைய கற்கள் எழுந்தமைக்கு இவ்வெறுமையே பெருங்காரணம் எனலாம். நம் நடுகல்லோடு இதனை ஒப்பிட விரைவாரும் உளர். நடுகல் ஒருவனது மறத்தைத் தனித்துப் போற்றுவது, இதுவோ பலரது இறப்பை ஒருங்கே நினைப்பது.

சிலுவையை வகுத்த எட்வின் லட்யன்ஸ் அவ்வாணையத்தின் முதன்மைக் கட்டடக் கலைஞருள் ஒருவர். பிரான்சிலுள்ள போர்க் கல்லறைகள் சிலவற்றிற்குச் செடிவைப்பு முறை வகுத்தளித்த கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையாரோ இவ்வூரை அடுத்து வாழ்ந்தவர். 1932 இல் மறைந்து இத்தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அக்குடும்பக் கல்லறைச் சின்னத்தை வகுத்தவரும் லட்யன்ஸே.