ஆண்மையும் துணிவும்

அஞ்சாமையைக் குறிக்க நம் மொழியிற் சொற்கள் பல உள. மறம், தறுகண், உரம், துணிவு, ஆண்மை என்பன தமிழ். வீரம், தைரியம் என்பன வடமொழியினின்றும் வந்து நம் நாவிற் பழகிவிட்டவை. இவற்றுள் 'ஆண்மை' என்னும் சொல்லையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம். அஞ்சினவனை 'நீயும் ஓர் ஆண்மகனா?' என்று இழித்தும், அஞ்சாதவளை 'ஆண்பிள்ளை போல் நின்றாள்' என்று புகழ்ந்தும் பேசுவதைத் தோட்டத்து லயங்களிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கேட்டே நாம் வளர்ந்தோம். அஞ்சாமை ஆணுக்குச் சொந்தம், பெண்ணிடத்து அஃது இரவற் பொருள் என்பதன்றோ இப்பேச்சின் கருத்து?

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் 'வீர' என்பதற்கு ஆண்மகன் என்பதும் ஒரு பொருள். இலத்தீனத்து 'விர்' என்பதும் அதன் இனமே. கிரேக்கர் அஞ்சாமைக்கு இட்ட 'அந்திரேயா' என்ற பெயரும் ஆண் என்னும் சொல்லடியாகப் பிறந்தது. தொல்காப்பியரும் பெருமையையும் உரனையும் ஆடவர்க்கும், அச்சம், நாணம், மடம் என்பவற்றைப் பெண்டிர்க்கும் வகுத்துச் சென்றார். நம் அண்டை வீட்டாராகிய மலாய்க்காரர் வழங்கும் 'பெரானி' என்ற சொல்லிலோ ஆண், பெண் என்னும் வேற்றுமையே இல்லை.

நிற்க. 'ஆண்மை' என்பதை இருவகையாகப் பிரிக்கலாம். ஆண் + மை எனின் ஆணின் தன்மை. ஆள் + மை எனின் ஆளுந்தன்மை. கேள் + மை 'கேண்மை' ஆனாற்போல, ஆள் + மை 'ஆண்மை' ஆதல் இலக்கணத்துக்கு ஒத்ததே. தாளாண்மை முயற்சியை ஆளுதல். இல்லாண்மை குடியை ஆளுதல். இச்சொற்களில் ஆண்பாலுக்கு என்ன வேலை? பிறன் மனைவியை நோக்காமையைத் திருவள்ளுவர் 'பேராண்மை' என்றார். புறப்பகையை அடக்க வல்லார்க்கும் உட்பகையாகிய காமத்தை அடக்குதல் அரிது என்பதே பரிமேலழகர் அதற்குக் காட்டும் காரணம். ஆகவே, தன்னைத் தான் ஆள்வதே பேராண்மை என்றாயிற்று. அதனை ஒரு பாலார்க்கு மட்டும் பட்டயம் எழுதிக் கொடுத்தவர் யார்?

ஆண்மை என்னும் எண்ணம் அழிந்தாலன்றிப் பெண் விடுதலை இல்லை என்று எழுதிய பெரியார் ஈ. வெ. ரா., 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் பதினைந்து ஆண்டு நிரம்புமுன் சிங்கப்பூரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1943 ஜூலையில் இங்கு வந்த சுபாஷ் சந்திரபோஸ், பெண்களுக்கெனத் தனிப்படை வேண்டுமென்றார். அவ்வாண்டு அக்டோபர் 22-இல் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையில் மருத்துவம் பயின்று 1940-இல் இந்நகருக்கு வந்த டாக்டர் லட்சுமி தலைமை பூண்டார். சேர்ந்தோரிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களினின்றும் வந்தவர்கள். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. 1945-இல் ரங்கூனினின்றும் பின்வாங்க நேர்ந்தபோது, விமானத் தாக்குதலுக்கு இடையே, ஆடவரோடு ஒப்ப இரவிரவாக நடந்தனர்.

அப்படை போரின் போக்கை மாற்றவில்லை. ஜப்பானியர் துணையோடு நடந்த போர் அது என்பதும், அதே காலத்தில் ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில் பாதையில் நம்மவர் பல்லாயிரவர் மாண்டனர் என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. ஆயினும், அச்சம் பெண்ணின் இயல்பு என்று தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்ட பாடம் அம்முகாமிற் பொய்த்துப் போனது.

எனவே, அஞ்சாமைக்கு நாம் விரும்பும் சொல் 'துணிவு'. துணிதல் என்றால் அறுபடுதல். நெய்த நெசவினின்றும் அறுத்தது துணி. ஐயத்தினின்றும் அறுத்தெடுத்த முடிபு துணிவு. எண்ணிப் பார்த்து, 'இதுவே செய்யத்தக்கது' என்று ஐயத்தை அறுத்தெறியும் அறிவு யாருக்கு உண்டோ அவருக்கெல்லாம் அச்சொல் உரியது. தாய்மாரே, தந்தைமாரே! உங்கள் மகள் அநீதியைக் கண்டு எதிர்த்து நின்றால், 'ஆண்பிள்ளை போல் நின்றாள்' என்று அவள் பெருமையை வேறொருவர் கணக்கில் எழுதாதீர்கள். 'துணிந்து நின்றாள்' என்று சொல்லுங்கள். அது போதும்.