பழனிமலைக் குறிஞ்சி: பூவில்லாத ஆண்டுகளின் வரலாறு

பழனிமலையின் உயர்ந்த புல்வெளிச் சரிவுகளில் புதராக வளரும் நீலக்குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுதும் ஒருசேரப் பூத்து, விதை முற்றியதும் பட்டுப்போகும் இயல்புடையது. தாவரவியலில் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா எனப்படும் இச்செடி, கனகாம்பரமும் ஆடாதோடையும் அடங்கிய அக்காந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தது. கொடைக்கானல் பகுதியில் இது 1970, 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. பூத்த ஆண்டில் இதனை இனங்காண எவருக்கும் பயிற்சி தேவைப்படுவதில்லை. எஞ்சிய பதினோரு ஆண்டுகளில் இதனை அறிந்தவர் யார், அறியாமையால் நேர்ந்த இழப்பு எத்தகையது என்பதே இச்செடியின் வரலாற்றில் ஆராயத்தக்க பகுதி.

சங்க இலக்கியத்தில் மலையும் மலை சார்ந்த நிலமும் இச்செடியின் பெயரையே பெற்றுள்ளன. குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் பூவை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அதன் கரிய தண்டையும் அப்பூவிலிருந்து இழைக்கப்படும் தேனையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். தண்டின் நிறத்தைக் கவனித்த கண், பூவில்லாத காலத்திலும் செடியை அறிந்த கண்ணாகவே இருந்திருக்க வேண்டும்.

அத்தகைய கூர்மை இன்றும் தேவைப்படுகிறது. ஏனெனில் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த வேறு பல சிற்றினங்களும் இதே மலைகளில் வளர்கின்றன. அவற்றுள் புல்னியென்சிஸ் என்பது இம்மலையின் பெயரையே தாங்கியது. நீலக்குறிஞ்சியின் இலைகள் கணுதோறும் எதிரெதிராக அமைந்து, விளிம்பில் சிறு பற்களுடன் காணப்படும். மேற்பரப்பில் நரம்புகள் பள்ளம் விழுந்தாற்போல் அழுந்தியிருக்க, இலையைப் புரட்டினால் அடிப்புறம் நுண்மயிர் படர்ந்து வெளிறித் தோன்றும். காற்று மோதும் திறந்த சரிவில் இடுப்புயரம்கூட எட்டாத இச்செடி, மறைவான இடத்தில் ஆள் உயரத்திற்கும் வளர்வதால், உயரத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது பிழைக்கே இட்டுச் செல்லும். மணிபோன்ற பூக்கள் கதிர்க்கொத்துகளாக மலர்ந்து நீலஊதாவாக நிறம் திரளும். காய் உலர்ந்து வெடிக்கையில், விதைகளைத் தாங்கும் கொக்கி போன்ற காம்புகள் அவற்றைத் தெறிக்கச் செய்கின்றன.

தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1836 செப்டம்பரில் பழனிமலைக்கு வந்து, அடுத்த ஆண்டே அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி எழுதிய நூல் 1915 முதல் 1920 வரை வெளிவந்தது. கொடைக்கானலில் செடிகளைத் திரட்டிய ஆல்ஃபிரட் போர்ன் இணையரின் உழைப்பும் அந்நூலுக்குத் துணைநின்றது. அந்நூல் 1910, 1922 ஆகிய இரு பூப்பாண்டுகளுக்கு இடையே அச்சேறியது கவனிக்கத்தக்கது. பூவை அடிப்படையாகக் கொண்டே இனம் பிரிக்கும் தாவரவியலுக்கு, பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே பருவம் மட்டும் பூ தரும் செடி மிகக் கடினமான பாடமாகும். ஒருவர் தம் பணிக்காலத்தில் அதனை மூன்று முறை கண்டாலே அரிது. இச்சுமையைப் பிற்காலத்தில் ஏற்றவர் திருச்சிராப்பள்ளி ராபினட் உலர்தாவரகத்தை நடத்திய இயேசுசபைத் துறவி கே. எம். மேத்யூ. உலர்தாவரகம் என்பது அழுத்தி உலர்த்திய செடிகளை இடமும் நாளும் குறித்துக் காக்கும் நிலையம். குறிஞ்சி இனங்களின் பூப்பைக் குறித்து 1971-இல் எழுதிய அவர், 1999-இல் பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

வழிபாடு வேறு வகையில் நினைவைக் காத்தது. இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரும் ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவம் தழுவியவருமான லீலாவதி அம்மையார், 1936-இல் கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலை எழுப்பினார்.

எனினும் செடியின் வாழிடம் இருபதாம் நூற்றாண்டிலேயே சுருங்கத் தொடங்கியது. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை எனப்படும் வாட்டில் மரமும், மரக்கூழுக்காக யூகலிப்டஸும், இவற்றுடன் பைனும் புல்வெளிகளில் நடப்பட்டன. மரமற்ற நிலம் பயனற்ற நிலம் என்ற தவறான கருத்தே இதற்கு அடிப்படை. 2018-இல் வெளிவந்த செயற்கைக்கோள் ஆய்வொன்று, 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் பழனிமலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. திறந்த வெயிலை நாடும் குறிஞ்சி, அடர்ந்த மரநிழலில் தழைப்பதில்லை.

ஆகவே குறிஞ்சியை வளர்ப்பது, விதையைத் தொட்டியில் இட்டு முளைக்கவைப்பதுடன் முடிவதில்லை. தாய்ச்செடி பட்டபின் அந்த நிலத்தில் இருப்பது விதையும் இளங்கன்றுமே. அந்நிலையில் சரிவு தோண்டப்பட்டாலும் எரிக்கப்பட்டாலும் ஒரு தலைமுறையே அழியும். 2013-இல் கொடைக்கானல் வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது இதற்கு ஓரளவு காப்பு. ஆயினும் எஞ்சிய புல்வெளிகளில் புதிதாக நுழையும் சீகைக் கன்றுகளை இளமையிலேயே பிடுங்குவதே முதற்பணியாக வேண்டும். அதைச் செய்பவர், பூவில்லாத குறிஞ்சிப் புதரை இலையாலும் தண்டாலும் இனங்கண்டு பிடுங்காமல் விட்டுவிடத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும்.