மாசூரி நெல் வந்த வழி

கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த கெடாவை மலேசியாவின் நெற்களஞ்சியம் என்பர். எனினும் நெடுங்காலம் அக்களஞ்சியம் ஆண்டுக்கு ஒரு போகமே தந்தது. ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் காத்த தோட்டத் தமிழர், ஒரு போகத்தின் போதாமையை நன்கறிவர்.

இதற்கு நீர்க்குறை மட்டும் காரணமன்று. நெல்லின் இயல்பும் காரணமாகும். பழைய நெல்வகைகள் பல, பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும். நம் முன்னோர் சம்பாவைப் பட்டம் தவறாமல் விதைத்ததும் இதனாலேயே. மலாக்காவில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேற்றுமை 14 நிமிடமே. அங்குங்கூடச் சயாம் 29 என்னும் நெல், செப்டம்பரில் விதைத்தால் 161 நாளிலும், ஜனவரியில் விதைத்தால் 329 நாளிலும் விளைந்ததென 1959-இல் டோர் என்னும் ஆய்வாளர் எழுதினார். கெடாவிலோ அவ்வேற்றுமை ஏறத்தாழ 40 நிமிடம். வெப்பமும் பூக்கும் நாளை முன்பின்னாக்கும். ஆனால் இங்கு வெப்பம் ஆண்டு முழுதும் பெரிதும் மாறாமையால், பகற்பொழுதே நெல்லுக்கு நாட்காட்டியாயிற்று.

பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட பாரம்பரிய விதிகளின் வழிநின்று, நெல் பூக்கும் காலம் தலைமுறைதோறும் இறங்கிவரும் முறையை 1933-இல் ஆராய்ந்து வெளியிட்டவர், கோயம்புத்தூரில் பணியாற்றிய கே. ராமையா. கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரும் அவரே. அந்நிலையத்தில் 1950-களில் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு இண்டிகா, ஜப்பானிகா நெல்லினங்களைக் கலக்கும் பணி நடந்தது. அவ்வழியில் மலாயாவின் மாயாங் எபோஸ் 80, தைவானின் தைச்சுங் 65 ஆகியவற்றுக்குப் பிறந்த நெல், இந்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1965-இல் மாசூரி என வெளிவந்தது. லங்காவித் தீவின் பழங்கதை நாயகியின் பெயரும் அதுவே. தைச்சுங் 65 பகலின் அளவுக்குக் கட்டுப்படாதது. பகலளவுக்கேற்பப் பூப்பை நெறிப்படுத்தும் எச்.டி.1 என்னும் மரபணு அதில் செயலற்றிருப்பது பிற்காலத்தில் தெரிந்தது.

1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் இரண்டாம் போகத்துக்கு நீர் தந்தது. பருவத்துக்குக் கட்டுப்படாத புதிய நெல்வகைகள் இல்லையேல், அந்நீர் பாய்ந்தும் பயன் குறைந்திருக்கும்.

மாசூரி இந்தியாவுக்கும் சென்றது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. பொன்னி அரிசியைத் தமிழகத்துச் சரக்கு என்றே இங்கு வாங்குகிறோம். அதன் தாய்நெல் இம்மண்ணில் தேர்ந்தது. அத்தாய்நெல்லுக்கு வழிசெய்த அறிவில் ஒரு தமிழரின் பங்கும் உண்டு. இவ்விரண்டையும் மாணவர்க்குச் சேர்த்தே சொல்லுதல் ஆசிரியர் கடன்.