எரிபொருளில் தாவரக் கார்பனை அடையாளம் காணல்

கச்சா எண்ணெயுடன் தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, பயன்படுத்திய சமையல் எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து ஒரே சுத்திகரிப்பு ஆலையில் எரிபொருளாக மாற்றுவது இணைப் பதப்படுத்தல் எனப்படுகிறது. அவ்வாறு கிடைக்கும் எரிபொருளில் தாவரத்தின் பங்கு எவ்வளவு என்பதை அறிய, தொல்பொருள்களின் காலத்தைக் கணிக்க உருவான கார்பன்-14 முறை இன்று பயன்படுகிறது.

குத்தாலம்: மேலே நெல், கீழே எரிவாயு

மயிலாடுதுறை மாவட்டத்தின் குத்தாலம், காவிரிக் கரையில் நெல் விளையும் ஊர். அவ்வட்டாரத்தில் ஓஎன்ஜிசி நிறுவனம் நிலத்தடியிலிருந்து எரிவாயுவும் எடுக்கிறது. நெற்பயிர் இந்த ஆண்டின் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கிறது. அதில் கார்பன்-14 மிகச் சிறிய அளவில் இருக்கும். பயிர் மடிந்த பின் அது தேயத் தொடங்கி, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எரிவாயுவும் கச்சா எண்ணெயும் பல கோடி ஆண்டுகள் பழமையானவை என்பதால் அவற்றில் கார்பன்-14 எஞ்சியிருப்பதில்லை.

முறையின் வரலாறு

அமெரிக்க வேதியியலாளர் வில்லார்டு லிப்பி 1940-களின் இறுதியில் இம்முறையை உருவாக்கினார். இதற்காக 1960-இல் நோபல் பரிசு பெற்றார். குத்தாலத்திற்குக் கிழக்கே, பூம்புகாரை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் ஒரு படகுத்துறையை அகழ்ந்தது. அங்கு கிடைத்த மரத்தூணின் காலம் இம்முறையால் கி.மு. 4–3-ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது.

1955-இல் ஹான்ஸ் சூஸ், அண்மைக்கால மரங்களில் கார்பன்-14 எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருப்பதைக் காட்டினார். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளியான பழைய கார்பன் காற்றில் கலந்ததே காரணம். பழைய கார்பனையும் புதிய கார்பனையும் பிரித்தறிய முடியும் என்பது இதனால் தெளிவானது. 1977-இல் அறிமுகமான முடுக்கி நிறைமாலைமானி முறை, மில்லிகிராம் அளவு மாதிரியிலேயே இதை அளக்க வழிசெய்தது. எரிபொருள் உள்ளிட்ட பொருள்களில் தாவரக் கார்பனை அளப்பதற்கான ஏஎஸ்டிஎம் டி6866 தரமுறை 2004-இல் வெளியானது.

ஆலையில் எழும் சிக்கல்

தாவர எண்ணெயை ஹைட்ரஜனுடனும் வினையூக்கியுடனும் சூடாக்கும்போது அதன் ஆக்சிஜன் நீராகவும் கார்பன் ஆக்சைடுகளாகவும் வெளியேறுகிறது. எஞ்சும் ஹைட்ரோகார்பன்களைச் சாதாரண டீசலில் உள்ளவற்றிலிருந்து வேதிச் சோதனையால் பிரித்தறிவது கடினம். மேலும், உள்ளே சென்ற தாவரக் கார்பன் முழுவதும் டீசலாவதில்லை. ஒரு பகுதி புரோப்பேன் முதலிய வாயுக்களாகிவிடுகிறது. எனவே உள்ளே ஊற்றிய அளவை மட்டும் கொண்டு கணக்கெழுதினால், டீசலின் தாவரப் பங்கு மிகையாகத் தோன்றலாம்.

கார்பன்-14 சோதனை ஒவ்வொரு விளைபொருளையும் தனித்தனியே அளக்கிறது. டீசலில் உள்ள கார்பன்-14, தூய தாவர எண்ணெயில் இருக்கும் அளவில் 4 விழுக்காடு என்றால், அதன் கார்பனில் 4 விழுக்காடு தாவரத்திலிருந்து வந்தது. 1950–60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐ உயர்த்தியதால், கணக்கீட்டில் அதற்கான திருத்தம் செய்யப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வகுத்த விதிகளின்படி, கணக்கு முறையைப் பின்பற்றும் ஆலைகளும் தம் கணக்கை இச்சோதனையால் சரிபார்க்க வேண்டும்.

இந்தியாவில்

இந்தியன் ஆயில் ஆய்வு மையம் உருவாக்கிய இணைப் பதப்படுத்தல் முறை, 2010-களில் சென்னை மணலியிலுள்ள சிபிசிஎல் ஆலையில் காட்டாமணக்கு எண்ணெயைக் கொண்டு செய்துகாட்டப்பட்டது. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிப்பதற்கான பன்னாட்டுச் சான்றிதழை இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை 2025-இல் பெற்றது. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் இத்தகைய எரிபொருளை 2027-இல் 1 விழுக்காடும், 2028-இல் 2 விழுக்காடும், 2030-இல் 5 விழுக்காடும் கலப்பது இந்தியாவின் இலக்கு. காவிரிப் படுகையில், நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993-இல் தொடங்கிய சிறிய ஆலையின் இடத்தில், ஆண்டுக்கு 90 இலட்சம் டன் திறனுள்ள புதிய ஆலை திட்டமிடப்பட்டுள்ளது.

எல்லைகள்

இச்சோதனை கார்பன் புதியதா பழையதா என்பதை மட்டுமே சொல்லும். காட்டை அழித்து நட்ட பனையின் எண்ணெயும் உணவகத்தில் பொரித்து மீந்த எண்ணெயும் இதில் ஒன்றுபோலவே தெரியும். புதிய எண்ணெயைப் பழையது என்று காட்டி விற்பதை இதனால் கண்டுபிடிக்க இயலாது. அதற்கு எண்ணெய் சேகரித்த இடத்திலிருந்து ஆலைவாயில் வரையிலான ஆவணங்களும் நேரடித் தணிக்கையும் தேவை. தாவர எரிபொருளுக்குக் கூடுதல் விலையும் சலுகையும் தரப்படுவதால், ஆய்வக அளவீடு, ஆவணம் ஆகிய இரண்டும் சேர்ந்தே அதன் நம்பகத்தன்மையை உறுதி செய்கின்றன.