டூப் போட முடியாத ஹீரோ: ஸ்டாட்டிக் மெத்தட் சண்டையின் கதை

"ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆபீஸ்ல அப்படி என்னதாம்ப்பா பண்றீங்க?" பெங்களூரோ, புனேயோ, குர்கானோ, பொட்டி தட்டுகிறவர்கள் இருக்கும் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு. பதிலில் பாதி, "எழுதின புரோகிராமைச் சோதிச்சுப் பார்க்கிறோம்" என்பதுதான். அந்தச் சோதனையை வைத்து இருபது வருஷம் நடந்த ஒரு சண்டையின் வரலாறு இது. பொட்டி தட்டாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம் :-)

யூனிட் டெஸ்ட் என்றால், பெரிய புரோகிராமில் ஒரு சின்னத் துண்டைத் தனியாக எடுத்து, "இதைக் கொடுத்தால் இது வரணும்" என்று இன்னொரு குட்டிப் புரோகிராமை வைத்துச் சரிபார்ப்பது. கென்ட் பெக் என்பவர் ஸ்மால்டாக் மொழிக்கு இப்படி ஒரு கருவி செய்திருந்தார். 1997-ல் சூரிக்கிலிருந்து அட்லாண்டா போகிற விமானத்தில் அவரும் எரிக் காமாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஜாவாவுக்கு எழுதினார்கள். அதுதான் ஜேயூனிட்.

ஆனால் எந்தத் துண்டும் தனியாக இருப்பதில்லை. டேட்டாபேஸைக் கேட்கும், இன்னொரு கம்பெனியின் சர்வரோடு பேசும். சோதிக்கிற ஒவ்வொரு தடவையும் நிஜ பேங்கிலிருந்து நிஜப் பணத்தை எடுக்க முடியுமா? சினிமாவில் செய்வதைத்தான் இங்கேயும் செய்தார்கள். ஹீரோவுக்குப் பதிலாக டூப்! 2000-ல் இத்தாலியின் சார்டினியாவில் நடந்த மாநாட்டில் டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், பிலிப் கிரெய்க் என்ற மூவர் இந்த டூப்புக்கு 'மாக் ஆப்ஜெக்ட்' என்று பேர் வைத்துக் கட்டுரை படித்தார்கள். அடுத்த வருஷமே ஈசிமாக் வந்தது. டூப்பைத் தானாகவே தயாரித்துக் கொடுக்கிற கருவி.

எல்லாம் நல்லாத்தான் போனது, ஸ்டாட்டிக் மெத்தட் குறுக்கே வரும்வரை.

கல்யாணப் பத்திரிகையில் 'நாதஸ்வரக் கச்சேரி உண்டு' என்று மட்டும் போட்டால், யார் வந்து வாசித்தாலும் சரிதான். சாதாரண மெத்தட் அப்படி. யார் வேலை செய்வது என்பது ஓடும்போதுதான் முடிவாகும், அதனால் டூப் நுழைய இடம் இருக்கிறது. ஸ்டாட்டிக் மெத்தட்டோ வித்வானின் பேரையே அச்சடித்த பத்திரிகை. வேறு ஆள் மேடை ஏற முடியாது.

ஓர் உதாரணம். கரண்ட் பில் புரோகிராம். கடைசித் தேதி தாண்டினால் அபராதம். 'இன்று என்ன தேதி' என்று கம்ப்யூட்டர் கடிகாரத்தைக் கேட்பது ஜாவாவில் ஸ்டாட்டிக் மெத்தட். அபராதம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஒன்று கடைசித் தேதி தாண்டும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் தேதியையே மாற்ற வேண்டும்.

இங்கேதான் சண்டை. ஒரு கட்சி சொன்னது: "சோதிக்கக் கஷ்டமாக இருந்தால் கருவி மேல் தப்பில்லை, உங்கள் வடிவமைப்பு மேல்தான் தப்பு. கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுங்கள்." கூகுளில் இருந்த மிஷ்கோ ஹெவெரி 2008-ல் ஸ்டாட்டிக் மெத்தட்கள் சோதனைக்கே எமன் என்கிற அளவுக்கு எழுதினார். நியாயமான பேச்சுதான். 2014-ல் வந்த ஜாவா 8-ல், வெளியிலிருந்து கொடுக்கும்படியான 'கிளாக்' என்ற ஒன்றை ஜாவாக்காரர்களே சேர்த்தார்கள்.

இன்னொரு கட்சியின் கேள்வி வேறு: "மாற்றுவதற்கு அனுமதி யாருக்கு இருக்கு?" இதை நம்மைவிட நன்றாக யார் புரிந்துகொள்வார்கள்! ஒய்2கே காலத்திலிருந்து நம்மில் பலர் பார்த்தது வேறு யாரோ எழுதி, அவர்கள் வேலையை விட்டும் போன புரோகிராம்களைத்தான். கிளையன்ட் கறாராகச் சொல்லிவிடுவார், "ஓடுற கோடுல கை வைக்காதே, டெஸ்ட் மட்டும் எழுது." டெஸ்ட் இல்லாமல் மாற்றப் பயம், மாற்றாமல் டெஸ்ட் எழுத வழியில்லை. மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல் இந்த முடிச்சைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். டெஸ்ட் இல்லாத கோடுதான் பழைய கோடு என்பது அவர் இலக்கணம்.

இரண்டாவது கட்சிக்காக வந்தவைதான் ஜேமாக்கிட்டும் பவர்மாக்கும். புரோகிராம் மெமரிக்குள் ஏறும்போதே அதன் பைட்கோடை மாற்றி எழுதிவிடும் வித்தை. அச்சடித்த பத்திரிகையை, விருந்தாளி கையில் போய்ச் சேருமுன் வழியிலேயே திருத்துவது போல! ஆனால் கூலி அதிகம். டெஸ்ட்கள் ஆமை வேகத்தில் ஓடும். வேடிக்கை என்னவென்றால், 'இத்தனை சதவீதம் கோடு சோதிக்கப்பட்டது' என்று காட்டத்தான் பலரும் பவர்மாக் போட்டார்கள். அதை அளக்கும் ஜாகோகோ கருவியோ, பவர்மாக் கை வைத்த கிளாஸுக்குப் பூஜ்யம் காட்டும். கட்டுக்காவல் கூடிய ஜாவா 9 2017-ல் வந்ததும் சிக்கல் இன்னும் கூடியது.

மாக்கிட்டோ என்ற கருவி 2008-ல் லண்டன் கார்டியன் பத்திரிகையின் மென்பொருள் குழுவில் புழக்கத்துக்கு வந்தது. எழுதியவர் ஷ்செபான் ஃபாபெர். ஜாவா உலகில் அதிகம் புழங்கும் டூப் கருவியாக வளர்ந்தும், ஸ்டாட்டிக்குக்கு மட்டும் டூப் தராமலே பன்னிரண்டு வருஷம் ஓட்டியது. கடைசியில் 2020 ஜூலையில், 3.4.0 பதிப்பில் இறங்கி வந்தது. அதுவும் நிபந்தனையோடு. டூப் அந்த ஒரு த்ரெட்டுக்கு மட்டும்தான், வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் அடுத்த டெஸ்ட் அதில் தடுக்கி விழும்.

அப்படியானால் ஜெயித்தது யார்? என் பார்வையில், இரண்டு கட்சியும் பேசியது வெவ்வேறு ஆட்களுக்காக. புதுசாக வீடு கட்டுகிறவருக்கு முதல் கட்சி சொன்னதுதான் சரி. பழைய வீட்டுக்குக் குடி வந்தவருக்கு இரண்டாவது கட்சி தேவை. ஆனால் ஒன்று. ஸ்டாட்டிக் டூப் என்பது சுவர் பூசக் கட்டும் சாரம். அதில் ஏறி நின்று முதல் டெஸ்ட்டை எழுதுங்கள். அந்த டெஸ்ட் இருக்கிற தைரியத்தில் கோடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள், பிறகு சாரத்தைப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமலே பல வருஷம் நிற்கும் சாரங்கள் நம் ப்ராஜெக்ட்களில் நிறைய. அடுத்து அங்கே குடி வரப்போகிற பையனோ பெண்ணோ, எது சாரம், எது சுவர் என்று தெரியாமல் முழிப்பார்கள். அவர்களும் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.