மூன்று வாரம்

1986 மே முதல் வாரத்தில் இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் கம்ப்ரியா மலைகளில் கனமழை. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் அணு உலை வெடித்திருந்தது. அங்கிருந்து கிளம்பிய சீசியம்-137 ஐரோப்பாவைக் கடந்து வந்து அந்த மழையோடு இறங்கியது. புல்லில் படிந்தது. புல்லைச் செம்மறியாடுகள் மேய்ந்தன.

ஜூன் 20 அன்று கம்ப்ரியாவிலும் வட வேல்ஸிலும் ஆடுகளை இடம் மாற்றவும் வெட்டவும் அரசு தடை போட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். கடைசித் தடை நீங்கியது 2012 ஜூனில். இடையில் 26 வருடம்.

அந்த மூன்று வாரக் கணக்கு சும்மா அடித்துவிட்டதல்ல. அதற்குப் பின்னால் சரியான அறிவியல் இருந்தது. இந்தக் கதையில் என்னை உறுத்துவதே அதுதான்.

இல்லைட் என்ற களிமண் கனிமத்தை ஒரு புத்தகம்போல நினைத்துக்கொள்ளுங்கள். பக்கங்களுக்கு நடுவே பொட்டாசியம் உட்கார்ந்து அவற்றைப் பிடித்துவைத்திருக்கும். ஓரங்கள் நைந்துபோன இடத்தில் பொட்டாசியம் வெளியேறி, இடுக்குகள் காலியாகும். சீசியம் பொட்டாசியத்தின் பங்காளி. தன்னைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளைச் சுலபமாக உதறிவிட்டு அந்த இடுக்கில் நுழைந்துகொள்ளும். நுழைந்ததைப் புல்லின் வேர் அவ்வளவு எளிதில் உருவ முடியாது. கதிரியக்கம் போய்விடவில்லை, அது பாதியாகவே 30 வருடம் வேண்டும். ஆனால் பூட்டியாகிவிட்டது. மழை புல்லைக் கழுவும், மண் பூட்டிக்கொள்ளும், புதுப் புல் சுத்தமாக முளைக்கும், ஆட்டின் உடம்பில் இருப்பதும் சில வாரங்களில் வெளியேறும். கணக்கு சரிதானே?

களிமண் நிலத்தில் சரி. கம்ப்ரியா மலைமேல் இருந்ததோ பீட் மண். முழுதாக மக்காத தாவரங்கள் சேர்ந்து உண்டான, அமிலம் மிகுந்த கறுப்பு மண். அதில் களிமண் மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சம் இடுக்குக்கும், ஏறக்குறைய அதே அளவுள்ள அம்மோனியம் போட்டிக்கு வரும். பொட்டாசியமும் பற்றாக்குறை என்பதால் வேர் அதற்குப் பதிலாக சீசியத்தை இழுத்துக்கொள்ளும். புல்லிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கையிலிருந்து மண்ணுக்கு, மறுபடியும் புல்லுக்கு. பூட்டு இல்லாத வீட்டில் சீசியம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மலை விவசாயி காசைக் கண்ணில் பார்ப்பது கோடைக் கடைசியில் குட்டிகளை விற்கும்போதுதான். விற்காமல் வைத்திருந்தால் மேய்க்க மலையில் புல் போதாது. பக்கத்திலேயே செல்லாஃபீல்ட் அணு வளாகம் வேறு. விண்ட்ஸ்கேல் என்ற பழைய பெயரில் இருந்தபோது, 1957இல், அங்கே ஓர் உலை தீப்பிடித்திருக்கிறது. சொன்ன கெடு தாண்டத் தாண்ட, இது செர்னோபிலிலிருந்து வந்ததுதானா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள்.

இந்த விவசாயிகளிடம் பேசி ஆய்வு செய்த சமூகவியலாளர் பிரையன் வின் ஒரு பரிசோதனையைப் பற்றி எழுதியிருக்கிறார். மண்ணில் களிமண் இல்லையென்றால் தூவிப் பார்க்கலாமே என்று பென்டோனைட் களிமண்ணை வெவ்வேறு அளவில் தூவி, வேலி கட்டி ஆடுகளை அடைத்தார்கள். மலையில் இஷ்டத்துக்கு மேய்ந்த ஆடு அடைப்புக்குள் தேறாது, மெலிந்துவிடும் என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னர் பரிசோதனை கைவிடப்பட்டது.

என் தொழிலில் ‘என் மெஷின்ல ஓடுதே’ என்று ஒரு வசனம் உண்டு. பொய்யில்லை, ஓடும்தான். களிமண் சீசியத்தைப் பிடிக்கும் என்பதும் அப்படித்தான். ‘எந்த மண்ணில்’ என்ற நிபந்தனை ஆய்வுக்கூடத்திலிருந்து அறிவிப்புக்கு வரும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. காலுக்குக் கீழே இருப்பது என்ன மண் என்பது அங்கே நிற்பவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் முதலில் கேட்டிருந்தால் சீசியம் ஒன்றும் சீக்கிரம் போயிருக்காது. ஆனால் மூன்று வாரம் என்று நம்பி யாரும் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.